ஆறு அணிகள் வேண்டாம் என்ற ரன்னிங் பேக்: ரஹீம் மோஸ்டெர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குப் பெரிய நட்சத்திரங்களின் பெயர்கள் சீக்கிரம் பழகிவிடும். பிடிபடாமல் போவது இன்னொரு கூட்டம்: வருடத்துக்கு ஒரு ஊர், ஒரு புதுச் சட்டை என்று மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர்கள். ஜர்னிமேன் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரஹீம் மோஸ்டெர்ட். அவரைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், ரன்னிங் பேக்கின் வேலை என்ன?

பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது. ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பார், பந்து கைக்கு வந்ததும் எதிரணியின் பதினொரு பேருக்கு நடுவே வழி தேடுவார். பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவரைத் தடுப்பார், சில சமயம் பந்தைப் பிடிக்கவும் ஓடுவார். ஓடும்போதெல்லாம் யாராவது வந்து மோதுவார்கள். நூறு, நூற்றைம்பது கிலோ ஆட்கள். அதனால்தான் என்.எஃப்.எல்.லில் (அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்) சீக்கிரம் தேய்ந்துபோகும் இடம் இது. முப்பதைத் தொட்ட ரன்னிங் பேக்குக்கு அணிகள் காசு கொடுக்கத் தயங்கும்.

மோஸ்டெர்ட் யார்?

1992 ஏப்ரலில் பிறந்தவர். ஃபுளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் இருக்கும் நியூ ஸ்மிர்னா பீச் அவருடைய ஊர். அலைச்சறுக்குக்கும் சுறாக்களுக்கும் பேர்போன கடற்கரை. கல்லூரி இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம். 2015ல் என்.எஃப்.எல்.லுக்குள் வந்தார். முதல் இரண்டு சீசன் முடிவதற்குள் ஆறு அணிகள் அவரை வெளியே அனுப்பின. ஏழாவது அணியில் ஒட்டிக்கொண்டார். அங்கிருந்து ஒரு சூப்பர் பௌல் (லீக்கின் இறுதி ஆட்டம்), பிளே ஆஃப் எனப்படும் நாக் அவுட் சுற்றில் ஒரு சாதனை, அப்புறம் 31 வயதில் லீக்கிலேயே அதிக ரஷிங் டச்டவுன், அதாவது பந்தோடு ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டியது.

அவ்வளவு திறமை என்றால் டிராஃப்டில் ஏன் யாரும் எடுக்கவில்லை?

டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. 2015 டிராஃப்டில் ஏழு சுற்றுகளில் 256 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை.

வேகத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 2011ல், கல்லூரி முதல் வருடத்திலேயே, கிக் ஆஃப் பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதில் சராசரி 33 கெஜத்துக்கு மேல் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். தடகளத்திலும் பர்டூ இருக்கும் பிக் டென் கல்லூரிக் கூட்டமைப்பின் குறுந்தூர ஓட்டச் சாம்பியன். ஆனால் ரன்னிங் பேக்காக அவரை எடைபோட ஆதாரம் குறைவு. பர்டூவில் ரிசீவராகவும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஓடவிட்டார்கள், ரன்னிங் பேக்காகவும் ஓடவிட்டார்கள். அணியின் முதல் ரன்னிங் பேக்காக அவர் இருந்ததே இல்லை. டிராஃப்டுக்கு ஆள் பார்க்கிறவர்களுக்கு அவர் வேகமான ஓட்டப்பந்தய வீரராகத் தெரிந்தார், கால்பந்து ஆட்டக்காரராகத் தெரியவில்லை. அந்த எண்ணம் முழுத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். நேராக ஓடத் தெரிந்தவர்களில் பலருக்கு மோதல்களுக்கு நடுவே வழி கண்டுபிடிக்கத் தெரியாது.

எந்தெந்த அணிகள் வெளியே அனுப்பின?

பிலடெல்ஃபியா ஈகிள்ஸ், மயாமி டால்ஃபின்ஸ், பால்டிமோர் ரேவன்ஸ், கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், நியூயார்க் ஜெட்ஸ், சிகாகோ பேர்ஸ். முதல் நான்கு அணிகளும் 2015லேயே வந்துவிட்டன. ஒரே சீசனில் நான்கு நகரம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு தொடர்பு உண்டு. 2015ல் ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர் சிப் கெல்லி. அவர்தான் டிராஃப்ட் ஆகாத மோஸ்டெர்ட்டை முதலில் கூப்பிட்டவர். 2016ல் கெல்லி சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்குப் போனார். அந்த வருடம் நவம்பரில் சிகாகோ கைவிட்டதும் மோஸ்டெர்ட்டைப் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டது அதே ஃபார்ட்டி நைனர்ஸ். கெல்லியின் வேலை அந்தச் சீசனோடு போய்விட்டது, ஆனால் மோஸ்டெர்ட் தங்கிவிட்டார். இப்படி ஊர் மாறுகிறவர்களின் வரலாற்றைத் தோண்டினால், எங்கோ ஒரு பயிற்சியாளர் பெயரை ஞாபகம் வைத்திருந்ததுதான் அடிக்கடி வெளியே வரும்.

ஒருவரை “கட்” செய்வது எப்படி நடக்கும்?

கோடையில் ஒவ்வொரு அணியிலும் 90 பேர் இருப்பார்கள். சீசன் தொடங்குவதற்குள் அதை 53ஆகக் குறைக்க வேண்டும். ஆக, சுமார் ஒரு வார இடைவெளியில் லீக் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழப்பார்கள்.

கட் ஆகும் நாளில் உடைமாற்றும் அறைக்கு ஓர் ஊழியர் வருவார். அவருக்கு “டர்க்” என்று பட்டப்பெயர். இந்த வேலையை யார் செய்தாலும் அதே பெயர்தான். தோளைத் தட்டி, “கோச் உன்னைப் பார்க்கணுமாம், பிளேபுக்கை எடுத்துக்கோ” என்பார். பிளேபுக் என்பது அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய நோட்டு. இப்போது அது டேப்லெட்டுக்கு மாறிவிட்டது. எடுத்து வரச் சொன்னால் திருப்பித் தரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு வேவர்ஸ். நான்கு சீசன் முடிக்காதவர் விடுவிக்கப்பட்டால் மற்ற அணிகளுக்கு 24 மணி நேர அவகாசம் உண்டு. வேண்டும் என்று எந்த அணி கை தூக்கினாலும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். பல அணிகள் தூக்கினால் தரவரிசையில் கீழே கிடக்கும் அணிக்கு முதல் உரிமை. ஆட்டக்காரரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. திங்கள்கிழமை பால்டிமோரில் வாடகை வீடு, புதன்கிழமை கிளீவ்லேண்டில் ஹோட்டல் அறை என்று ஆகலாம். யாருமே கை தூக்கவில்லை என்றால் பயிற்சிக் குழுவில் சேரலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பயிற்சிக் குழு என்றால்?

வாரம் முழுக்க அணியோடு பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது. அந்த வாரம் வரப்போகும் எதிரணியைப் போல நடித்து முதல் அணிக்குப் பயிற்சி கொடுப்பது இவர்கள் வேலை. நம் ஊரில் டெஸ்ட் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போடப் போகும் நெட் பவுலரை நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்று உண்டு: வேறொரு அணி தன் 53 பேர் பட்டியலில் இடம் தந்தால், பயிற்சிக் குழுவில் இருப்பவர் உடனே கிளம்பிப் போய்விடலாம். மோஸ்டெர்ட் ஈகிள்ஸிலிருந்து மயாமிக்குப் போனது இப்படித்தான். மோஸ்டெர்ட் வந்த காலத்தில் இந்தக் குழுவில் பத்துப் பேர்தான். 2020க்குப் பிறகு பதினாறுக்கு வந்துவிட்டது.

அப்போது கையில் என்ன வந்திருக்கும்?

2015ல் பயிற்சிக் குழுவில் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 6,600 டாலர். 53 பேர் பட்டியலில் இருக்கும் முதல் வருட ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் வருடத்துக்கு 4,35,000 டாலர். சீசனின் 17 வாரங்களுக்கு அதைப் பிரித்தால் வாரம் சுமார் 25,600. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே நல்ல பணம்தான். ஆனால் இது வாரக்கூலி. செவ்வாய்க்கிழமை வெளியே அனுப்பினால் அடுத்த வாரச் சம்பளம் இல்லை.

தன்னை வெளியே அனுப்பிய தேதிகளை ஃபோனில் எழுதி வைத்திருக்கிறாராமே, உண்மையா?

உண்மை. 2020 ஜனவரியில் கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டம் முடிந்ததும் அவரே நிருபர்களிடம் சொன்னார். எந்தத் தேதியில் எந்த அணி என்று பட்டியல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எடுத்துப் பார்ப்பாராம்.

இதைப் பழிவாங்கும் கதையாக எழுதித் தள்ளியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அன்று அவர் பேசிய விதத்தில் கசப்பே இல்லை. அவருக்கு அது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி என்றுதான் நினைக்கிறேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் எப்படி நிலைத்தார்?

எனக்குப் பிடித்த கேள்வி. “கடின உழைப்பு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உழைப்பில்லாமல் யாரும் அந்த லீக்கில் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது. முந்தைய ஆறு ஊரிலும் அவர் உழைக்காமலா இருந்தார்? மாறியது வேறு.

முதலாவது, ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் நேரங்களில் மட்டும் இறங்கும் கூட்டம். எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கும்போது வரிசையின் இரு ஓரங்களில் ஒவ்வொருவர் நிற்பார். கன்னர் என்று பெயர். உதைத்த பந்து ஆகாயத்தில் இருக்கும் அந்த நான்கைந்து விநாடியில், இரண்டு பேர் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் வர, நாற்பது ஐம்பது கெஜம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவரை அங்கேயே மடக்க வேண்டும். புகழ் இல்லாத வேலை. தொலைக்காட்சியில் பெரும்பாலும் விளம்பரத்துக்கு முன்னாலும் பின்னாலும் வந்து போகும். மோஸ்டெர்ட் இதை நன்றாகச் செய்தார். 53 பேர் பட்டியலின் கடைசிப் பத்து இடங்களுக்குப் போட்டி வரும்போது பயிற்சியாளர் கேட்பது, “இவன் ஸ்பெஷல் டீம்ஸில் ஓடுவானா?” என்பதுதான். முதல் மூன்று சீசனில் அவர் பந்தோடு ஓடிய தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில் சோறு போட்டது கன்னர் வேலை.

இரண்டாவது, கைல் ஷனஹன். 2017ல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவருடைய ஓட்டத் திட்டத்தின் அடித்தளம் அவுட்சைடு ஸோன். தடுப்பு வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே பக்கமாக ஓடுவார்கள். எதிரணியும் வேறு வழியின்றிப் பக்கவாட்டில் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது எங்கேயாவது இடைவெளி விழும். ரன்னிங் பேக் அதைப் பார்த்ததும் ஒரு காலை ஊன்றி, ஒரே வெட்டு வெட்டி, நேராகப் பாய வேண்டும். அங்கே இங்கே ஆடி ஏமாற்றும் வேலை கிடையாது. மேலே மோதித் தள்ளிக்கொண்டு போவதற்கான உடலும் அவசியமில்லை. ஊன்று, வெட்டு, ஓடு. ஓட்டப்பந்தய வீரருக்கென்றே செய்த திட்டம் போல இருக்கும்.

ஆறு அணிகளும் பார்த்தது இதே கால்களைத்தான். அவற்றை வைத்து என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் ஏழாவது இடத்தில் இருந்தார்கள். என் கருத்தில் மோஸ்டெர்ட்டின் கதை முழுக்க இதில் அடங்கிவிடும்.

பலன் உடனே வந்துவிடவில்லை. 2018 நவம்பர் 1 வியாழக்கிழமை இரவு, ரெய்டர்ஸுக்கு எதிராக 52 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அதே ஆட்டத்தில் முன்கை எலும்பு முறிந்தது. சீசன் முடிந்தது. அதற்குள் 34 ஓட்டத்தில் 261 கெஜம் எடுத்திருந்தார். சராசரி 7.7. நான்கு கெஜம் வந்தாலே பரவாயில்லை என்கிற இடத்தில் இது யாரையும் இரண்டாம் தடவை பார்க்க வைக்கும் எண். 2019 மார்ச்சில் மூன்று வருடத்துக்கு 87 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

அந்தக் கிரீன் பே ஆட்டத்தில் என்ன நடந்தது?

2020 ஜனவரி 19, சாண்டா கிளாராவின் லீவைஸ் ஸ்டேடியம். ஜெயிப்பவர் சூப்பர் பௌலுக்குப் போகலாம். மோஸ்டெர்ட் 29 தடவை ஓடினார். 220 கெஜம், நான்கு டச்டவுன். பிளே ஆஃப் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இதைவிட அதிகக் கெஜம் ஓடியவர் ஒருவர்தான்: எரிக் டிக்கர்சன், 1986 ஜனவரியில் டல்லாஸுக்கு எதிராக 248. ஆனால் 200 கெஜமும் நான்கு டச்டவுனும் சேர்த்து ஒரே பிளே ஆஃப் ஆட்டத்தில் எடுத்தவர் அதுவரை யாருமில்லை.

முதல் டச்டவுனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு கெஜம் தேவை. அந்த நிலையில் யாரும் பந்தை எறிவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். கிரீன் பேவும் அப்படித்தான் நின்றது, பந்தெறிபவரை விரட்டத் தயாராக. ஃபார்ட்டி நைனர்ஸ் பந்தை மோஸ்டெர்ட் கையில் கொடுத்தார்கள். விரட்டிக்கொண்டு வந்த எதிரணி ஆட்களைப் பக்கவாட்டில் அடைத்ததும் நடுவே கதவு திறந்தது. 36 கெஜம், யாரும் தொடவில்லை என்றே சொல்லலாம். அப்புறம் 9 கெஜம், 18 கெஜம், 22 கெஜம் என்று மற்ற மூன்றும் வந்தன. இடைவேளையின்போது 27–0.

அணியின் குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்பலோ ஆட்டம் முழுக்க எட்டே தடவைதான் பந்தை எறிந்தார். அதில் ஆறு சேர்ந்தது, 77 கெஜம். குவார்ட்டர்பேக்குகளின் யுகம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு அரையிறுதி! கடைசிக் கணக்கு 37–20.

இன்னொன்று. அன்று அவர் மட்டுமே ஓடுவதாகத் திட்டம் இல்லை. டெவின் கோல்மனும் ஓடுவதாக இருந்தது. முதல் பாதியிலேயே கோல்மனுக்குத் தோளில் காயம் பட்டு வெளியே போக வேண்டி வந்தது. வாய்ப்பு வந்தது அப்படி.

சூப்பர் பௌலில்?

தோல்வி. 2020 பிப்ரவரி 2, மயாமி கார்டன்ஸ், எதிரணி கான்ஸஸ் சிட்டி. மூன்றாவது கால் பகுதியில் மோஸ்டெர்ட் ஒரு கெஜ டச்டவுன் போட்டு 20–10 ஆக்கினார். அதற்குப் பிறகு ஃபார்ட்டி நைனர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 31–20. அவருக்கு 12 ஓட்டத்தில் 58 கெஜம். முன்னிலையில் இருக்கும்போது அவரை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருக்கலாம் என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

உண்மையில் எவ்வளவு வேகம்?

2020 சீசனின் இரண்டாவது வாரம் ஜெட்ஸுக்கு எதிராக, ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பந்திலேயே 80 கெஜம் ஓடி டச்டவுன். சட்டைக்குள் இருக்கும் சிப் காட்டிய உச்ச வேகம் மணிக்கு 23.09 மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர். 2016ல் டைரிக் ஹில் எட்டிய 23.24க்குப் பிறகு பந்தோடு ஓடிய யாரும் அதுவரை இந்த வேகத்தைத் தொட்டதில்லை. உசேன் போல்ட்டின் உச்ச வேகம் 44க்குச் சற்று மேல். ஆனால் போல்ட் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு, கக்கத்தில் ஒரு பந்தை இடுக்கிக்கொண்டு ஓடவில்லை.

அந்த ஜெட்ஸும் பட்டியலில் இருந்த ஆறில் ஒன்று. பால்டிமோருக்கும் 2019 டிசம்பரில் மழை கொட்டிய ஒரு மதியம் 19 ஓட்டத்தில் 146 கெஜம் காட்டியிருந்தார். அந்த ஆட்டத்தைக் கடைசி நொடி உதையில் பால்டிமோர் 20–17 என்று ஜெயித்துவிட்டது, அது வேறு விஷயம்.

இவ்வளவு செய்த பிறகும் 2020ல் ஏன் வேறு அணிக்கு அனுப்பச் சொன்னார்?

சம்பளம். 2019ல் போட்ட ஒப்பந்தம் கன்னருக்கான விலையில் போட்டது. 2020 கோடையில் அவர் அணியின் முதல் ரன்னிங் பேக். தன் அணியிலேயே தனக்குப் பின்னால் நிற்கும் கோல்மனின் அளவுக்காவது கொடுங்கள் என்றார். பேச்சு முறிந்ததும் ஜூலையில் அவருடைய ஏஜென்ட் பகிரங்கமாக அறிவித்துவிட்டார். அந்த மாதமே சமரசம். சாதித்தால் கூடுதல் பணம் என்று சில நிபந்தனைகளைச் சேர்த்தார்கள்.

காயங்கள்தான் அவரைக் கெடுத்தனவா?

பாதி உண்மை. 2020ல் முழங்கால், அப்புறம் கணுக்கால். எட்டு ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2021ல் டெட்ராய்ட்டில் முதல் ஆட்டம், இரண்டு ஓட்டம், 20 கெஜம், முழங்காலின் குருத்தெலும்பில் சேதம், அறுவை சிகிச்சை. சீசன் அவ்வளவுதான். அவர் இடத்தில் ஓடிய எலைஜா மிட்செல் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம். 963 கெஜம் எடுத்துவிட்டார். ரன்னிங் பேக் தொழிலின் கொடுமை இதுதான்: நீங்கள் கட்டிலில் காலை நீட்டிக் கிடக்கும்போது, உங்களைவிட மலிவான ஒருவர் உங்கள் வேலையைச் செய்துகாட்டிவிடுவார்.

முன்பு வெளியே அனுப்பிய மயாமிக்கே ஏன் திரும்பினார்?

மைக் மெக்டேனியலுக்காக. ஃபார்ட்டி நைனர்ஸின் ஓட்டத் திட்டத்தை ஷனஹனோடு உட்கார்ந்து தீட்டியவர் அவர். 2022ல் மயாமியின் தலைமைப் பயிற்சியாளரானார். மார்ச்சில் மோஸ்டெர்ட்டை ஒரு வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டார். 2015ல் இதே மயாமி சில வாரங்கள்தான் வைத்திருந்தது.

முதல் வருடம் 891 கெஜம், அதுவரை அவருடைய உச்சம். சீசன் முடிவில் கட்டைவிரல் முறிந்து பிளே ஆஃப் போயிற்று. அடுத்த வருடம்தான் பெரிய வருடம்.

2023ஐப் பற்றிச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 24, எதிரணி டென்வர். மயாமி 70, டென்வர் 20. தட்டச்சுப் பிழை இல்லை. 1966க்குப் பிறகு ஓர் அணி 70 புள்ளி எடுத்தது அதுவே முதல் தடவை. மொத்தம் 726 கெஜம். மோஸ்டெர்ட் நான்கு டச்டவுன், புதுமுகம் டெவான் ஏஷேன் இன்னொரு நான்கு. கடைசி நிமிடத்தில் ஒரு உதை உதைத்திருந்தால் 73 ஆகி வழக்கமான சீசனின் சாதனை உடைந்திருக்கும். மெக்டேனியல் வேண்டாம் என்று குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு முழங்காலிட வைத்து, நேரத்தைக் கடத்தி ஆட்டத்தை முடித்தார். அந்த நாகரிகம் எனக்குப் பிடித்தது. உடைத்திருக்கலாமே என்ற நப்பாசையும் உண்டு.

வருடக் கணக்கு: 209 ஓட்டம், 1,012 கெஜம், 18 ரஷிங் டச்டவுன். லீக்கில் யாரும் அதைவிட அதிகம் எடுக்கவில்லை. பந்தைப் பிடித்துப் போட்ட மூன்றையும் சேர்த்தால் 21. மயாமியின் இரண்டு பழைய சாதனைகள் போயின: ரிக்கி வில்லியம்ஸின் 16 ரஷிங் டச்டவுன், மார்க் கிளேட்டனின் மொத்தம் 18. முதல் ஆயிரம் கெஜ சீசனும் முதல் புரோ பௌல் (லீக்கின் நட்சத்திர அணி) தேர்வும் 31 வயதில் வந்தன.

31 வயதில் எப்படி முடிந்தது?

யாரும் ஓடவிடாததால்தான் என்பது என் ஊகம். மற்ற ரன்னிங் பேக்குகள் 22லிருந்து 27 வரை வருடத்துக்கு 250, 300 தடவை மோதலுக்குள் போய்விட்டு வருவார்கள். டெரிக் ஹென்றி 2020ல் மட்டும் 378 தடவை ஓடினார். மோஸ்டெர்ட்டின் அதிகபட்சமே அந்த 209தான். காயங்கள் வேறு, மோதித் தேய்வது வேறு. அவருக்கு முன்னது நிறைய, பின்னது குறைவு.

அந்த வருடம் எவ்வளவு சம்பாதித்தார்?

2023 மார்ச்சில் போட்டது இரண்டு வருடத்துக்கு 56 லட்சம் டாலர். அதே 2023ல் மோஸ்டெர்ட்டைப் போலவே 21 டச்டவுன் போட்டவர் இன்னொருவர்தான்: கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, அதுவும் ஃபார்ட்டி நைனர்ஸ் சட்டையில். அவருடைய 2020 ஒப்பந்தம் வருடத்துக்குச் சராசரி 1 கோடியே 60 லட்சம். இருவரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. மெக்காஃப்ரி அந்த வருடம் எடுத்த கெஜங்கள் மிக மிக அதிகம். ஆனால் டிராஃப்டின் முதல் சுற்றில் வந்தவருக்கும், டிராஃப்ட் ஆகாமல் வாசலில் நின்றவருக்கும் இடையில் இருந்த தூரம் எட்டு வருடம் கழித்தும் மூடவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

அதன் பிறகு?

2024ல் ஏஷேன் முன்னால் போய்விட்டார். மோஸ்டெர்ட்டுக்கு 85 ஓட்டம், 278 கெஜம். 2025 பிப்ரவரியில் மயாமி இரண்டாவது தடவையாக அவரை விடுவித்தது. பட்டியலை இன்னும் வைத்திருந்தால் ஒரே அணியின் பெயர் அதில் இரண்டு தடவை வரும். அடுத்த மாதம் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் ஒரு வருடத்துக்கு எடுத்தது, அவருடைய எட்டாவது அணி. ஏப்ரலில் அதே ரெய்டர்ஸ் டிராஃப்டின் ஆறாவது தேர்வாக ஆஷ்டன் ஜென்டியைக் கொண்டுவந்தது. 33 வயதில் மறுபடி ஒருவருக்குப் பின்னால் நிற்கும் வேலை. அந்த வேலை அவருக்குப் புதிதா என்ன?

ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போவாரா?

மாட்டார். மொத்தக் கெஜக் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எது?

எல்லாரும் கிரீன் பே ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் மழையில் நடந்த அந்தப் பால்டிமோர் ஆட்டத்தைச் சொல்வேன். தோற்ற ஆட்டம்தான். ஆனால் எதிரணி அந்தச் சீசனில் லீக்கிலேயே சிறந்தது, 14 ஜெயித்து இரண்டே தோற்றது. தரை வழுக்குகிறது, பந்து நழுவுகிறது, எறிந்து ஆட வழியில்லை. மோஸ்டெர்ட் 40 கெஜம் ஓடிப் போட்ட டச்டவுனை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவரைப் பார்க்காதீர்கள், முதலில் தடுப்பு வரிசையைப் பாருங்கள். எல்லாரும் ஒரே திசையில் நகர்வது தெரியும். அப்புறம் பின்னால் ஓட்டி அவருடைய கால்களை மட்டும் பாருங்கள், எந்த இடத்தில் ஊன்றுகிறார் என்று. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் அவுட்சைடு ஸோனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஆட்டத்தில் வந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.